தொடு உணர்வுக் கருவிக்குக் கியரா, பெல்ட்டா, கேபிளா?

ப்ராஜெக்ட் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு லேத் பட்டறைக்கு வரும் காரைக்குடிப் பிள்ளைகளில், தொடு உணர்வுக் கருவி செய்ய நினைப்பவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “அண்ணே, கியர் மோட்டார் கடையில ரெடியாவே கிடைக்குது. அதை விட்டுட்டு எதுக்கு இந்தக் கேபிளு, புல்லின்னு மெனக்கெடணும்?” நியாயமான கேள்வி. ஆனால் ஒற்றை வரியில் பதில் சொன்னால் கேட்டவருக்கும் பிடிபடாது, பணம் கட்டப்போகிற வீட்டாருக்கும் விளங்காது. இருக்கிற வழிகளை எல்லாம் ஒரே அளவுகோலில் வைத்து, எது எதற்குச் சரிப்படும் என்று என் முடிவோடு இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிட ஒரு கருவி வேண்டும். மேசைமேல் நிற்கும் ஒற்றைக் கைப்பிடி என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து 120 மி.மீ. உயரத்தில் விரலால் பிடிக்கிறோம். இடப்பக்கம் 40 பாகை, வலப்பக்கம் 40 பாகை ஆடும். அடியில் ஒரு சின்ன மோட்டார். கைப்பிடி எங்கே நிற்கிறது என்று சென்சார் சொல்லும். கண்ட்ரோலர் நொடிக்கு ஆயிரம் முறை கணக்குப் போட்டு மோட்டாரைத் தள்ளச் சொல்லும். நிரலில் ‘இங்கே சுவர்’ என்று எழுதினால் விரலுக்கு அங்கே சுவர் தட்ட வேண்டும். ‘ஸ்பிரிங்’ என்று எழுதினால் தள்ளத் தள்ள இறுக வேண்டும். ஊசி குத்தப் பழகும் மருத்துவ மாணவருக்கான பயிற்சிக் கருவி, பார்வையற்ற பிள்ளைக்கு வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தைக் கையில் காட்டும் கருவி, எங்கோ இருக்கும் ரோபோ எதைத் தொடுகிறது என்று இங்கே உணர்த்தும் கருவி, எல்லாம் இந்தக் கைப்பிடியிலிருந்து கிளைத்தவைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அலிசன் ஒகாமுராவின் குழு வடிவமைத்து, யாரும் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தைத் திறந்துவிட்ட ஹாப்கிட்டும் இதே வகை.

அளவுகோல் எது? 1994-இல் எம்.ஐ.டி.யின் தாமஸ் மாசியும் கென்னத் சாலிஸ்பரியும் ‘ஃபேன்டம்’ கருவியைப் பற்றி எழுதியபோது மூன்று விதிகள் வைத்தார்கள். ஒன்றும் இல்லாத இடம் ஒன்றும் இல்லாததாகவே கைக்குத் தெரிய வேண்டும். கெட்டியான பொருள் கெட்டியாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் அழுத்தியதுமே மோட்டாரின் பலம் தீர்ந்து சுவர் வழிவிடக் கூடாது. நம் பிள்ளைகள் கொண்டுவரும் கணக்குகளில் மூன்றாவது விதி மட்டும்தான் இருக்கும்: எத்தனை கிலோ தள்ளும், எத்தனை நியூட்டன் வரும். நான் முதலில் பார்ப்பது முதல் விதியை. வெறும் காற்றில் கைப்பிடியை அசைக்கும்போது மோட்டாரின் பாரம், பேரிங்கின் உராய்வு, பல்லின் கரகரப்பு எல்லாம் விரலில் ஏறினால், பிறகு எவ்வளவு அருமையான சுவரை நிரலில் எழுதினாலும் அது சுவராகத் தெரியாது. சேற்றுக்குள் கை விட்டவனுக்கு உள்ளே கிடக்கும் கல்லின் முனை தெரியாது.

கியர் மோட்டார்

நூற்றுக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைக்கும் கியர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். டார்க், அதாவது திருகும் விசை, நூறு மடங்காகும், சரி. ஆனால் கைப்பிடி பக்கமிருந்து தள்ளிப் பார்த்தால் மோட்டாரின் சொந்த உராய்வும் நூறு மடங்கு. மோட்டாருக்குள் சுழலும் பகுதியான சுழலியின் நிலைமம் நூறின் வர்க்கம், அதாவது 10,000 மடங்கு. கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் அசையாது. முதல் விதி அங்கேயே போயிற்று.

அடுத்தது பிளே. விலை குறைந்த கியர் பெட்டியில் வெளித்தண்டு ஒரு பாகை சும்மா ஆடுவது சாதாரணம். 120 மி.மீ. உயரத்தில் அந்த ஒரு பாகை 2 மி.மீ. ஆகிவிடும். சுவரைத் தொட்டதும் அந்த 2 மி.மீ.க்குள் பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இடிக்க, கைப்பிடி ‘டர்ர்’ என்று அதிரத் தொடங்கும். நிரலைத் திருத்தி இதைச் சரிசெய்யப் பார்த்து மண்டை காய்ந்த பிள்ளைகள் உண்டு. கோளாறு இரும்பில் இருக்கிறது, நிரலில் இல்லை. வளைந்து கொடுக்கும் பல்சக்கரம் வைத்த ஹார்மோனிக் டிரைவில் பிளே இருக்காது என்பது உண்மைதான். அதற்கு உராய்வும் விலையும் அதிகம்.

கியரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. சாமானைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டிய ரோபோ மூட்டுக்குக் கியர்தான் பொருத்தம். தள்ளினால் நகராதது அங்கே குணம். தொடு உணர்வில் அதுவே குறை.

பெல்ட்

முப்பரிமாண பிரிண்டர்கள் பெருகியதில் 2 மி.மீ. இடைவெளியுள்ள ஜி.டி. 2 பல் பெல்ட் எங்கும் கிடைக்கிறது. 16 பல் புல்லியின் விட்டம் 10 மி.மீ.க்குச் சற்று மேல். அதற்கு எதிரே 240 பல் வட்டத்தின் ஒரு துண்டை வெட்டி வைத்தால் 15 மடங்கு கிடைத்துவிடும். பிளே ரொம்பக் குறைவு, முடிச்சுப் போடும் வேலை இல்லை, ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். நாளை மறுநாள் மதிப்பீடு என்று ஓடிவருகிற பிள்ளைக்கு நான் பெல்ட்டைத்தான் சொல்வேன்.

குறை என்னவென்றால், மெதுவாக அசைக்கும்போது ஒவ்வொரு பல்லும் புல்லியில் இறங்கி ஏறுவது விரலுக்குத் தெரியும். நம் தோலுக்குள் இருக்கும் பசினியன் உணர்விகள் நொடிக்கு 250 அதிர்வு என்ற அளவை ஒட்டி மிகக் கூர்மையானவை. அந்த வட்டாரத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும். பல்லின் கரகரப்பை அவற்றிடமிருந்து மறைப்பது கடினம். சொரசொரப்பு, வழவழப்பு என்று மேற்பரப்பின் தன்மையைக் காட்டவே கருவி செய்கிறோம் என்றால் பெல்ட் வேண்டாம்.

நேரடி மோட்டார்

நடுவே எதுவும் வைக்காமல் கைப்பிடியை மோட்டார் தண்டிலேயே பூட்டிவிடுவது. பிளே இல்லை, உராய்வு இல்லை. முதல் விதிக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஆனால் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலுக்கு வரும் சின்ன மோட்டார் 0.05 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்றால், 120 மி.மீ. தூரத்தில் கிடைப்பது 0.42 நியூட்டன், கிட்டத்தட்ட 43 கிராம். விரல் அதைச் சுவர் என்று ஒப்புக்கொள்ளாது. ஹோவர்போர்டு சக்கர மோட்டார் போட்டால் பலம் வரும். கூடவே காந்தமும் இரும்புப் பல்லும் ஒன்றையொன்று இழுக்கும் தட்டுத் தட்டான அசைவும் வரும். அந்தத் தட்டை முன்கூட்டியே அளந்து நிரலில் கழிக்கலாம். கண்ட்ரோல் தெரிந்த ஆள் குழுவில் இருந்தால் முயலத் தகுந்த வழி. இல்லாவிட்டால் தொட வேண்டாம்.

கேபிள்

மோட்டார் தண்டில் சின்ன உருளை. எதிரே வட்டத்தின் ஒரு துண்டாகப் பெரிய தட்டு. மெல்லிய கேபிளின் ஒரு முனையைத் தட்டின் ஒரு கோடியில் கட்டி, நடுப்பகுதியை உருளையில் சில சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் தட்டின் இன்னொரு கோடியில் இறுக்குகிறோம். இதுதான் கேப்ஸ்டன் டிரைவ். பல் இல்லை, அதனால் கரகரப்பு இல்லை. கேபிள் எப்போதும் இழுவிசையில் நிற்பதால் பிளே இல்லை. ஃபேன்டம் இப்படித்தான் செய்யப்பட்டது. 2007-இல் வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்று வந்த நோவின்ட் ஃபால்கனும் கேபிள் வழிதான். இன்னும் பின்னால் போனால், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ரே கோர்ட்ஸ் கதிரியக்கப் பொருளைச் சுவருக்கு அப்பால் நின்று கையாளச் செய்த இயந்திரக் கைகளிலும் விசையை இங்கும் அங்கும் கடத்தியது உலோகக் கேபிளும் பட்டையும்தான்.

கணக்கைப் பார்ப்போம். உருளை 10 மி.மீ. விட்டம், தட்டின் ஆரம் 75 மி.மீ., அதாவது விட்டம் 150. விகிதம் 15 என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். கேபிளின் தடிமன் 0.5 மி.மீ. என்றால், சுழல்வது கேபிளின் மையக்கோட்டில். 150.5-ஐ 10.5-ஆல் வகுத்தால் 14.3. நூற்றுக்கு நாலரை வித்தியாசம். கைப்பிடி நிற்கும் இடத்தை மோட்டார் பக்கத்து சென்சாரை வைத்துக் கணக்கிடுகிறவர்கள் இதை விட்டால், சுவர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்து நிற்கும்.

0.05 நியூட்டன் மீட்டர் மோட்டார் இப்போது 0.72 ஆகிவிட்டது. விரலில் 6 நியூட்டன், சுமார் 600 கிராம். ஒரு விரலுக்கு இது நல்ல சுவர். சுழலியின் நிலைமம் 14.3-இன் வர்க்கம், 205 மடங்கு. கியரின் பத்தாயிரத்தோடு ஒப்பிடுங்கள். நிலைமத்தைக் குறைத்தது கேபிள் என்று நினைத்துவிடக் கூடாது. விகிதம் சிறிதாக இருப்பதுதான் காரணம். இவ்வளவு சிறிய விகிதத்தை மிகக் குறைந்த உராய்வோடு, பிளே இல்லாமல் கொடுக்கிறது என்பதே கேபிளின் பெருமை. இன்னொன்றும் சேரும்: ஒரு சுற்றுக்கு 4096 படி காட்டும் ஏ.எஸ். 5600 காந்த சென்சாரை மோட்டார் தண்டில் வைத்தால், கைப்பிடி முனையில் ஒரு படி 0.013 மி.மீ. ஆகிறது. சாதாரண சென்சாருக்கு இது பெரிய கொடை.

எத்தனை சுற்று வேண்டும்? மஞ்சுவிரட்டுக் காளையின் வடத்தைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், அந்தப் பக்கம் காளை எவ்வளவு இழுத்தாலும் இந்தப் பக்கம் ஒரு பையன் பிடித்து நிறுத்திவிடுவான். அதே கணக்குதான். உராய்வுக் குணகத்தையும் சுற்றிய கோணத்தையும் பெருக்கி வரும் எண் அடுக்காக ஏறுகிறது. குணகம் 0.15 என்றால் ஒரு சுற்றில் இருபக்க இழுவிசை விகிதம் 2.6 வரை தாங்கும்; மூன்று சுற்றில் 17 வரை; ஐந்து சுற்றில் 111 வரை.

நம் கருவியில் எவ்வளவு தேவை? மோட்டாரின் முழு டார்க்கில் கேபிளின் இரு பக்கங்களுக்கும் இடையே வரும் வித்தியாசம் 9.5 நியூட்டன், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தளர்கிற பக்கம் தொய்யாமல் இருக்க, முன்கூட்டி இறுக்கும் இழுவிசை இதில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். 6 நியூட்டன் வைப்போம். அப்போது இறுகும் பக்கம் 10.75, தளரும் பக்கம் 1.25, விகிதம் 8.6. எஃகு வயருக்கு மூன்று சுற்றுப் போதும். வழுக்கும் நூலுக்கு, குணகம் 0.07 என்று வைத்தால், மூன்று சுற்று 3.7 வரைதான் பிடிக்கும். ஐந்து சுற்றிலும் 9-தான், மயிரிழையில் தப்பிக்கிறது. அதனால் நூல் போடுகிறவர்கள் உருளையில் ஒரு குறுக்குத் துளை போட்டு நூலின் நடுப்பகுதியை அதில் நுழைத்து விடுங்கள். நம் கைப்பிடியின் 80 பாகைக்கு உருளை 3.2 சுற்றுத்தான் சுழலும். துளைக்கு இருபுறமும் இரண்டரைச் சுற்று இருந்தால் எந்தக் கோடிக்குப் போனாலும் முக்கால் சுற்றுக்குமேல் மிச்சம் இருக்கும், வழுக்குவது என்ற பேச்சே இல்லை. வழுக்கினால் என்ன ஆகும் என்றால், மோட்டார் பக்கத்து சென்சார் பொய் சொல்லத் தொடங்கும். கைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று.

கேபிளுக்கு எதிரான வாதங்களையும் சொல்லிவிட வேண்டும். முன்னிழுவிசை எப்போதும் பேரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் நாம் ஓடிவந்த உராய்வு வேறு வாசல் வழியாக உள்ளே வரும். தட்டு இடத்தை அடைக்கும். முழுச்சுற்றுச் சுழற்ற முடியாது. அறுந்தால் அந்த நிமிடமே கருவி செத்தது.

உராய்வே இல்லாவிட்டால் எல்லாம் நலம் என்றும் நினைக்க வேண்டாம். தொடு உணர்வுக் கருவி ஆய்வாளர் எட்வர்ட் கோல்கேட் நிறுவிய நிபந்தனைப்படி, கருவிக்குள் இருக்கும் இயல்பான தணிப்பை (அசைவை அடக்கும் தன்மையை) இரண்டால் பெருக்கி, ஒரு கணக்குச் சுழற்சிக்கு ஆகும் நேரத்தால் வகுத்தால் வருவதுதான் நிலையாகக் காட்டக்கூடிய சுவரின் உச்ச விறைப்பு. மீட்டருக்கு 0.5 நியூட்டன் நொடி தணிப்பும் நொடிக்கு ஆயிரம் கணக்கும் இருந்தால், மி.மீ.க்கு ஒரு நியூட்டன். கணக்கு வேகம் பாதியானால் சுவரின் விறைப்பும் பாதியாகும். கேபிளில் மிஞ்சியிருக்கும் சிறு உராய்வு இந்த இடத்தில் நமக்குத் துணை.

எந்தக் கேபிள்

வலிமையைப் பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. நம் இழுவிசை ஒரு கிலோ பக்கம். 0.5 மி.மீ. எஃகு வயர் அதற்குப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். வலிமை ஒரு பிரச்சினையே இல்லை. எவ்வளவு சிறிய உருளையில் வளையும், எவ்வளவு நீளும், முனையை எப்படிக் கட்டுவது என்பவைதான் கேள்விகள்.

சைக்கிள் கடை பிரேக் வயர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் முதலில் அதைத்தான் எடுத்து வருவார்கள். அதன் தடிமன் 1.5 மி.மீ. பக்கம், இழைகள் சில, ஒவ்வொன்றும் தடிமன். 10 மி.மீ. உருளையில் சுற்றினால் கேபிள் தடிமனைப்போல ஏழு மடங்குகூட உருளை இல்லை. நடைமுறை விதி 20 மடங்குக்குக் குறையக் கூடாது என்பது. இழைகள் குறைந்த 7×7 வயருக்கு (ஏழு புரி, புரிக்கு ஏழு இழை) 40 மடங்கு பக்கம் வேண்டும். சுற்றி விட்டாலும் நிமிர்ந்துகொள்ளத் திமிறும், நாளடைவில் வெளியிழைகள் ஒவ்வொன்றாக முறிந்து முள்ளாகக் கையில் ஏறும். வேண்டாம்.

7×19 என்றால் 133 மெல்லிய இழைகள். 7×49 என்றால் 343. இழை மெலிய மெலிய சிறிய உருளைக்கும் வளைந்து கொடுக்கும், விலையும் ஏறும். 0.5 மி.மீ. 7×19 துருப்பிடிக்காத எஃகு வயர் நம் 10 மி.மீ. உருளைக்குச் சரியாக 20 மடங்கு. வாங்குவதற்கு இணையம்தான் வழி. அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கிவரும் காரைக்குடியில் இருந்துகொண்டு கால்வனைஸ் வயரை நம்பிக் கருவியைக் கட்ட வேண்டியதில்லை. தொண்டி, தேவிப்பட்டினம் என்று கடற்காற்றுப் படும் இடத்துக்குக் கருவி போகும் என்றால் 316 ரக எஃகு கேளுங்கள்.

மூன்றாவது, மீன்பிடிக்கு வரும் பின்னல் நூல். உறையில் பி.இ. பிரெய்டு என்று இருக்கும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் அதே இழை. நைலான் ஒற்றை நூலையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நைலான் நன்றாக நீளும், சுவர் சவசவ என்று ஆகிவிடும். பிரெய்டு மிகச் சிறிய உருளையிலும் முறுக்கிக்கொள்ளாமல் படியும், விலையும் குறைவு. குறைகள் மூன்று. வழுக்கும், அதற்குத்தான் குறுக்குத் துளை. முடிச்சுப் போட்டால் வலிமை கிட்டத்தட்டப் பாதியாகும்; நமக்கு மிச்சம் நிறைய இருப்பதால் பரவாயில்லை. தொடர்ந்து இழுவிசையில் நின்றால் மெல்ல மெல்ல நீளும், வெயிலில் இன்னும் வேகமாக. சித்திரை வைகாசியில் நம் பக்கத்து அறைக்குள் இருக்கிற சூட்டுக்கு இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

டங்ஸ்டன் வயரும் இருக்கிறது. டா வின்சி அறுவைசிகிச்சை ரோபோவின் கருவி முனைகளில் சில மில்லிமீட்டர் புல்லிகளில் ஓடுவது அதுதான். மேசைக் கருவிக்குத் தேவையில்லை.

என் முடிவு: முதல் கருவிக்குப் பிரெய்டு. நாலு தடவை அறுத்துக் கட்டிப் பழகினாலும் செலவு இல்லை. ஆய்வகத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டிய கருவிக்கு 7×19 எஃகு.

முனையும் உருளையும்

கேபிள் கருவிகள் பெரும்பாலும் கேபிளில் கெடுவதில்லை, முனையில் கெடுகின்றன. எஃகு வயரின் முனைக்குச் செம்பு ஃபெரூல் (சின்னக் குழாய்) போட்டு அதற்குரிய கிரிம்ப் கருவியால் நசுக்க வேண்டும். வெறும் கட்டிங் பிளேயரால் நசுக்கியது ஒரு நாள் உருவிக்கொள்ளும். ஈயம் வைத்துப் பற்றவைக்க நினைத்தால், எலெக்ட்ரானிக்ஸ் ஃபிளக்ஸில் துருப்பிடிக்காத எஃகு பிடிக்காது. பிரெய்டுக்குப் பசை ஒட்டாது. ஒரு ஸ்க்ரூவின் கழுத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றி, கடைசியில் முடிச்சுப் போட்டு, வாஷரால் அழுத்திவிடுவது எளிது. சுற்றுகளே பாதி இழுவிசையைத் தின்றுவிடும், முடிச்சுக்கு வேலை குறையும்.

இறுக்குவதற்குத் தட்டின் ஒரு கோடியில் நீள்துளை வைத்து எம் 3 ஸ்க்ரூவை நகர்த்தலாம். கிட்டாருக்கு வரும் டியூனிங் கீ ஒன்றை அங்கே பூட்டுவது இன்னும் நல்லது: நுணுக்கமாகத் திருகலாம், தானாகத் தளராது. ஸ்பிரிங் வைத்து இறுக்கினால் கேபிள் நீண்டாலும் அதுவே ஈடுகட்டுமே என்று கேட்பார்கள். விசை போகும் பாதையில் ஸ்பிரிங் தொடராக நின்றால் சுவரின் விறைப்பை அது தின்றுவிடும், வேண்டாம்.

உருளையை எம் 10 போல்ட்டை வெட்டிச் செய்துவிடலாம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. மரையின் கூர்மையான விளிம்பு நூலை அறுக்கும், இடைவெளியும் தேவைக்குமேல். பித்தளைத் தண்டில் வட்ட மூக்கு டூல் வைத்து, 0.8 மி.மீ. இடைவெளியில், கால் மி.மீ. ஆழத்தில், அடிவிட்டம் 10 வருமாறு காடி எடுக்கச் சொல்லுங்கள். லேத் ஓடும்போதே நைஸ் எமரித்தாளை மடித்துக் காடியின் விளிம்பில் காட்டினால், நகத்தால் குறுக்கே இழுத்தாலும் தடங்காத அளவுக்கு மழுங்கிவிடும். அந்த நகச் சோதனை தேறாத உருளையில் நூல் ஏற்றக் கூடாது. கருவி ஆடும்போது சுற்றுகள் காடியோடு 2.5 மி.மீ. பக்கவாட்டில் நகரும். ஐந்து சுற்றும் இந்த நகர்வும் சேர்ந்தால் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு; காடியின் நீளத்தை 10 வைத்துவிடுங்கள். தட்டின் விளிம்பு அகலமும் அதே. உருளைக்கும் தட்டுக்கும் இடையே ஒரு மி.மீ. விட்டால் கேபிள் நசுங்காது, காடி தாண்டியும் குதிக்காது.

தட்டை முப்பரிமாண பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. 60 பாகை சூட்டை ஒட்டி அது இளகும்; வெயிலில் நிறுத்திய காருக்குள் மதியம் முழுக்க இருந்தால் முன்னிழுவிசையே தட்டை வளைத்துவிடும். லேசரில் வெட்டிய 6 மி.மீ. அக்ரிலிக்கை இரண்டடுக்காக ஒட்டலாம். கைக்கு எட்டினால் அலுமினியம். அடித்தளம் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 600 கிராம் தள்ளலுக்கு மொத்தக் கருவியும் மேசையில் நகரும். ஆத்தங்குடிக் கல் ஒன்றின்மேல் கெட்டியான இருபக்க டேப்பால் ஒட்டிப் பாருங்கள். சிமென்ட் கல்லின் கனம் அதிர்வையும் அடக்கும், பார்க்கவும் நம் ஊர்ப் பொருளாக இருக்கும்.

உறைக்குள் ஓடும் கேபிள்

சைக்கிள் பிரேக்கில் இருக்கும் போடன் கேபிள், 1896-இல் எர்னஸ்ட் போடன் காப்புரிமை பெற்றது. மோட்டாரை இடுப்பிலோ மேசையிலோ வைத்துவிட்டு விரலுக்கு விசையை மட்டும் கொண்டுபோகலாம் என்பதால் கையுறை வகைக் கருவி செய்பவர்கள் இதை விரும்புகிறார்கள். தூணைச் சுற்றிய வடத்தின் கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. உறை மொத்தமாக 180 பாகை வளைந்து, குணகம் 0.15 என்றால், நூற்றுக்கு 38 பங்கு விசை வழியிலேயே போய்விடும். உள்ளே டெஃப்லான் குழாய் இருந்தால் இழப்பு குறையும். பெரிய தொல்லை, கையை அசைக்கும்போதெல்லாம் வளைவு மாறி இழப்பும் மாறுவது. அதனால் விசையை அளக்கும் சென்சாரை விரல் முனையில் வைக்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். விரலில் எடை ஏறவே கூடாது என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் இது.

ரோபோ கைக்கு

தொடு உணர்வுக் கருவிக்குச் சொன்னது ரோபோவுக்கு அப்படியே பொருந்தாது. ஆளோடு ஒட்டி வேலை செய்கிற, இடித்தால் விட்டுக்கொடுக்க வேண்டிய கை என்றால் கேபிள் நல்லது. எம்.ஐ.டி.யில் சாலிஸ்பரியோடு வில்லியம் டவுன்சென்ட் உருவாக்கிய வாம் கை அப்படிப்பட்டது. பின்னர் பேரட் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் கற்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வேகக் குறைப்பை மோட்டார் பக்கத்தில் முடித்துவிட்டு, நீளமான கேபிளில் முழு விசையையும் அனுப்பினால் கேபிள் நீளும். வேகக் குறைப்பை மூட்டின் பக்கத்தில் வைத்தால், நீண்ட கேபிளில் ஓடுவது குறைந்த இழுவிசையும் அதிக வேகமும். மூட்டில் தெரியும் விறைப்பு விகிதத்தின் வர்க்கமாகக் கூடும். விகிதம் 10 என்றால் அதே கேபிள் நூறு மடங்கு விறைப்பாகத் தெரியும். தோள்பட்டையில் மோட்டார் வைத்து முழங்கையை ஓட்ட நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாமான் எடுத்து வைக்கிற சாதாரணக் கைக்கு, மேலே சொன்னபடி, கியர் வாங்கிவிடுங்கள்.

பெரிய இடத்துக்கு இன்னொரு வகை இருக்கிறது: நாலு மூலையில் நாலு மோட்டார், நாலு கேபிள், நடுவில் தொங்கும் மேடை. சீனாவின் குய்சோ மாகாணத்தில் 500 மீட்டர் அகல ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கியின் மேலே தொங்கும் ஏற்பி அறையை ஆறு கேபிள்கள்தான் நகர்த்துகின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவுக்கு (நடுமுற்றத்துக்கு) மேல்சுற்றில் இருக்கும் வண்ண வேலைப்பாட்டையும் மர வேலையையும் புதுப்பிக்கும் முன் படமெடுத்து வைக்க இந்த அமைப்பு அச்சாகப் பொருந்தும். சாரம் கட்ட வேண்டாம், சுவரைத் துளைக்க வேண்டாம், நாலு தூணிலும் துணி சுற்றிப் பட்டை இறுக்கினால் போதும். ஒரே விதி: கேபிள் இழுக்கும், தள்ளாது. அதனால் எத்தனை திசை அசைவு வேண்டுமோ அதைவிட ஒரு கேபிள் கூடுதலாக வேண்டும். மேடை தொங்கும் அமைப்பில் அந்தக் கூடுதல் இழுப்பைப் புவியீர்ப்பு கொடுத்துவிடும். மூன்று திசை நகர்வுக்கு மூன்று கேபிளே போதும் என்றாலும், வளவு நாலு மூலையுள்ளது. நாலு போட்டால் மூலை வரை எட்டும். இங்கே கியர் பெட்டியின் பிளேயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் மேடையின் எடையே பிளேயை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துவைக்கும். கரண்ட் போனாலும் மேடை கீழே விழக் கூடாது என்பதால், தள்ளினால் நகராத கியர் மோட்டாரைத்தான் இங்கே போட வேண்டும். கேமரா மாட்டுவதற்கு முன் அதே எடைக்கு மணல் பையைத் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.